இரண்டாவது பிரேக்

எங்கே உட்கார்ந்தாலும் டீச்சரின் வலது கால் தரையை அழுத்தும். சாப்பாட்டு மேஜையில் அழுத்தும், ரயிலில் அழுத்தும், அழகு நிலையத்தின் சுழல் நாற்காலியிலும் அழுத்தும். எதிரே இருப்பவரின் முழங்கை தண்ணீர்க் குவளையைத் தட்டிவிடப் போகிறது என்று தெரிந்தால் மற்றவர்களுக்குக் கை நீளும். இவருக்குக் கால் நீளும். குவளை எப்படியும் கவிழ்ந்துவிடும். டீச்சர் தன் கடமையைச் செய்துவிட்ட முகத்தோடு எழுந்து, துடைக்கத் துணி தேடுவார்.

கடமைதான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக அவருடைய வேலையே அதுதான். பயிற்சிக் காரில் ஸ்டீயரிங் ஒன்று, பிரேக் இரண்டு. ஸ்டீயரிங் கற்றுக்கொள்ள வந்தவர் கையில் இருக்கும். இரண்டாவது பிரேக் பக்கத்து இருக்கையில், டீச்சரின் காலடியில் இருக்கும். "ஓட்டுறது வேற ஆளு. முட்டுனா போறது ரெண்டு பேரும். இதுல எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு மிதிதான்" என்பார். அந்த மிதியின் ரப்பரில் ஒரு காலத்தில் வரிகள் இருந்தன. இப்போது வழவழவென்று சோப்புக் கட்டி மாதிரி இருக்கிறது.

அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எதிரே லாரி வந்தாலும், மாணவர் கண்ணை மூடிக்கொண்டாலும் சத்தமில்லாமல் கால் இறங்கும், கார் நிற்கும். பிறகு ஒரே வாசகம்: "ஒண்ணும் ஆகலை. எடு, ஃபர்ஸ்ட் கியர் போடு." அதோடு முன்பக்கப் பெட்டியிலிருந்து தகர டப்பா வெளியே வரும், ஒரு பெப்பர்மின்ட் மாணவர் கைக்குப் போகும். ஆட்களைக்கூட அவர் அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறார். "அந்த பேங்க்காரர்தானே? ஒரு மிட்டாய் ஆளு. அவரு மச்சான் இருக்காரே, ஏழு மிட்டாய். என் டப்பாவே காலி."

பள்ளி வாசலில் புறப்படும் கார் மருத்துவமனை முனையில் திரும்பி, மேம்பாலம் ஏறி இறங்கி, கிடங்குத் தெரு வழியாகத் தீயணைப்பு நிலையம் வரை போகும். அங்கே திரும்பிப் பள்ளி வாசலுக்கே வந்துவிடும். ஒரு நாளைக்கு எட்டு முறை. டீச்சரின் கணவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். எதையாவது கணக்குப் போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, மனைவி இதுவரை காரில் போன தூரத்தைக் கூட்டினார். நாலே முக்கால் லட்சம் கிலோமீட்டர் வந்தது. "நீ நிலாவைத் தாண்டிப் போயிட்ட" என்று பெருமையாகச் சொன்னார். டீச்சர் துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "நிலாவைத் தாண்டி என்ன பண்ண? தீயணைப்பு நிலையத்தைத் தாண்டலையே" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆறு மிட்டாய் ஆளான பல் டாக்டர் வந்து சேர்ந்தார். பற்களிடம் காட்டும் பொறுமையில் கால் பங்குகூட கிளட்சிடம் காட்டாதவர். ஆனால் சைக்கிளில் கில்லாடி. அவர் தலைமையில் ஒரு குழு ஒவ்வொரு வருடமும் நூற்று முப்பது கிலோமீட்டர் மிதித்து, மலையைத் தாண்டித் துறைமுக ஊருக்குப் போகிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது அதைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். டீச்சர் மரியாதைக்காக ஒரு கேள்வி கேட்டார்.

"அவ்வளவு தூரம் எப்படித் திரும்பி வருவீங்க?"

"திரும்பி வர்றதில்லை டீச்சர். போறது மட்டும்தான். சைக்கிளையெல்லாம் லாரியில ஏத்திவிட்டுட்டு, நாங்க ரயில் ஏறிடுவோம்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "எடு, ஃபர்ஸ்ட் கியர்" என்று சொல்ல டீச்சருக்கு ஏனோ கொஞ்ச நேரம் பிடித்தது. போவது மட்டும்தான் என்றால், புறப்பட்ட வாசலிலேயே வந்து நின்று சாவியை வாங்கி ஆணியில் மாட்ட வேண்டியதில்லை. வேறொரு ஊர் வாசலில் போய் நிற்கலாம். அதுவும் தானே ஓட்டி.

ஐம்பத்தொரு வயதில், பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன சைக்கிளை டீச்சர் மறுபடி பிடித்தது அப்படித்தான். பல் டாக்டரின் பழைய சைக்கிள், கியர் வைத்தது. குழுவில் சேர ஒரு நிபந்தனை உண்டு: புதியவர்கள் அறுபது கிலோமீட்டர் சோதனை ஓட்டத்தை நாலு மணி நேரத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும். இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் அடுத்த வருடம்தான். "அடுத்த வருஷம்னா என் முட்டிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்கணும்" என்றார் டீச்சர். முட்டி ஏற்கெனவே மாடிப்படியில் முனகத் தொடங்கியிருந்தது. அதனால் இந்த வருடம் என்பது அவருக்கு இந்த வருடமேதான்.

வகுப்பு ஏழு மணிக்குத் தொடங்கும். ஐந்து மணிக்கே தெருவில் இறங்கிவிடுவார். முதல் வாரம் ஆறு கிலோமீட்டர், அடுத்த வாரம் பன்னிரண்டு, அதற்கடுத்த வாரம் இருபது. சமையலறைச் சுவரில் ஓர் அட்டை தொங்கியது. ஓட்டிய நாளுக்குப் பென்சிலில் ஒரு கோடு, ஓட்டாத நாளுக்கு வெறும் கட்டம். மழை கொட்டிய ஒரு நாள் மட்டும் கட்டம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் அன்று மாலை மாடிப்படியை அறுபது முறை ஏறி இறங்கி, பாதிக் கோடு போட்டுக்கொண்டார்.

அவர் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். ஆள் அரவமற்ற சாலையில், ஐந்தரை மணி இருட்டில், கையை முழு நீளத்துக்கு நீட்டி யாருக்கோ சைகை காட்டிவிட்டுத்தான் திரும்புவார். சிவப்பு விளக்கு எரிந்தால் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்று, பச்சை விழும்வரை காத்திருப்பார். குறுக்கே ஒரு பூனை போனாலே பெரிது. ஒரு நாள் ஓட்டிக்கொண்டே பாட்டிலில் தண்ணீர் குடிக்கப் பழகினார். வேலிச் செடிக்குள் போய் விழுந்தார். எழுந்து முழங்கையைத் தட்டிவிட்டு, சைக்கிளிடமே "ஒண்ணும் ஆகலை. எடு" என்றார்.

வீட்டில் இரண்டு வாரம் நின்றுகொண்டே சாப்பிட்டார். "உட்காரேன்" என்று கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டால் முறைப்பார். ஒரு நாள் அவர் நூலகத்திலிருந்து பஞ்சு மெத்தை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "குழந்தைங்க பகுதியில ஓரமாக் கிடந்துச்சு. கேட்டுட்டுத்தான் எடுத்தேன்." அதை அளவாக வெட்டிச் சீட்டுக்கு உறை தைத்துக் கொடுத்ததும் அவர்தான். உறையின் மேல் முயல் படம் இருந்தது. டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் சோதனை ஓட்டத்தில் மலை ஏற்றத்தில் டீச்சர் மூன்று இளவட்டங்களை முந்தினார். ஒரே சீரான மிதி. பேச்சு இல்லை, அக்கம்பக்கம் பார்வை இல்லை. உச்சியில் நின்ற பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். அதற்குப் பிறகு ஒன்பது கிலோமீட்டர் இறக்கம். மிதிக்கவே வேண்டாம், உட்கார்ந்தால் போதும். முந்தப்பட்ட மூன்று பேரும் விசிலடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த வயசாளி ஒருவரும் தாண்டினார். காய்கறி மூட்டை கட்டிய சைக்கிள் ஒன்றும் தாண்டியது. அந்த ஒன்பது கிலோமீட்டருக்கு டீச்சர் எடுத்துக்கொண்டது நாற்பத்தொரு நிமிடம். மொத்தம் நாலு மணி பதினோரு நிமிடம் ஆகிவிட்டது.

"ஏத்தத்துல பின்தங்குறவங்களைப் பார்த்திருக்கேன்" என்றார் பல் டாக்டர் வருத்தமாக. "இறக்கத்துல தோத்தவங்க நீங்கதான் முதல் ஆளு."

டீச்சர் வீட்டுக்கு வந்து செயினைத் துடைத்து எண்ணெய் விட்டார். முகத்தைப் பார்த்த கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அழற வேலையெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். மூணு வாரம் இருக்கு" என்றார் டீச்சர்.

சனிக்கிழமை சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோனார். பின்சக்கரத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் குனிந்து பார்த்தார், பிரேக் கட்டைகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நாலு கட்டையும் தகடு தெரியத் தேய்ந்திருந்தன.

"எப்ப மாட்டினது இது?"

"நீங்கதானே மாட்டுனீங்க? ரெண்டு மாசம் ஆகுது."

"ரெண்டு வருஷம் வரவேண்டிய சாமான்க்கா." கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சைக்கிளை ஓட்டுறீங்களா, இல்லை பிடிச்சு இழுத்துக்கிட்டே போறீங்களா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. இறக்கத்தில் தான் பிரேக் பிடித்ததாகவே அவருக்கு நினைவில்லை. மெதுவாகப் போனோம், ஜாக்கிரதையாகப் போனோம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். "வளைவுக்கு முன்னாடி பிடிங்க, நேர் ரோட்டுல விட்டுடுங்க. எந்நேரமும் பிடிச்சுக்கிட்டே இருந்தா அது பிரேக் இல்லக்கா, நங்கூரம்" என்றார் கடைக்காரர். புதுக் கட்டைகளை மாட்டிக்கொடுத்தார். பழைய கட்டைகளை டீச்சர் கேட்டு வாங்கி, காகிதத்தில் பொதிந்து கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை முதல் வகுப்பு மருந்துக்கடைப் பெண்ணுக்கு. எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிறவள். ஓட்டுநர் தேர்வில் மட்டும் இரண்டு முறை தோற்றிருந்தாள். இரண்டு முறையும் ஒரே இடம். மேம்பால இறக்கத்தின் அடியில் சிக்னல், வெள்ளைக் கோடு. முதல் முறை கார் கோட்டை ஒரு மீட்டர் தாண்டி நின்றது. இரண்டாம் முறை இரண்டு மீட்டர். ஆனால் வகுப்பில் தினமும் கோட்டின் மேல் கோடாக நிறுத்துவாள். "பரீட்சை பயம்" என்று டீச்சர் ஆறுதல் சொல்லியிருந்தார். தோற்று வந்த எல்லோருக்கும் அவர் சொல்லும் ஆறுதல் அதுதான்.

அன்று மேம்பாலம் இறங்கும்போது டீச்சர் சாலையைப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகக் குனிந்து தன் காலைப் பார்த்தார். வலது கால் இரண்டாவது பிரேக்கின் மேல் இருந்தது. சும்மா இல்லை, பாதி ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அவர் இறக்கவில்லை, அது தானாக இறங்கியிருந்தது. கார் பட்டுப்போல வந்து கோட்டில் நின்றது. மருந்துக்கடைப் பெண் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"சிக்னல் தாண்டி ஓரங்கட்டும்மா."

கிடங்குத் தெருவில் கார் நின்றது. டீச்சர் சுற்றி வளைக்காமல் சொன்னார். பிரேக் பிடிப்பவள் அவள் மட்டுமல்ல, தானும்தான் என்று; பாலத்தில் தன் கால் எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது என்று. பரீட்சை அதிகாரி அப்படி அழுத்தமாட்டார்.

அந்தப் பெண் இன்ஜினை அணைத்தாள். "அப்ப நான் ரெண்டு தடவை ஃபெயிலானது…"

"பாதி உன் காலு. மீதி என் காலு."

இவள் ஒருத்தியா? பரீட்சை பயம் என்று தட்டிக்கொடுத்து அனுப்பியவர்களின் முகங்கள் வரிசையாக வந்தன. தையல்கடை அம்மா, அஞ்சு தடவை தோற்று விட்டுவிட்டுப் போன கணக்கு வாத்தியார், இன்னும் எத்தனை பேர். அவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவர்களுடைய பிரேக்கையும் தானே போட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

மருந்துக்கடைப் பெண் எட்டி முன்பக்கப் பெட்டியைத் திறந்தாள். தகர டப்பாவிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து டீச்சரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒண்ணும் ஆகலை டீச்சர்."

இருவருக்கும் சேர்த்து ஒரே பயிற்சி அன்றைக்குத் தொடங்கியது. பாலத்தின் இறக்கத்தில் பதினாறு விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன. முதல் நாள், ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை டீச்சரின் கால் மிதியை விட்டு விலகி இருக்க வேண்டும். அடுத்த கம்பத்தில் திரும்பி வரலாம். மறுநாள் இரண்டு கம்பம். "எத்தனை கம்பம் டீச்சர்?" என்று பாலத்தின் மேலேயே அந்தப் பெண் கேட்டுவிடுவாள். கால் சொன்ன பேச்சைக் கேட்காது. மூன்றாவது கம்பத்திலேயே முன்னுக்கு ஊர்ந்து வரும். டீச்சர் அதைத் திட்டிப் பின்னால் இழுப்பார். ஒரு தடவை கார் கோட்டைத் தாண்டி அரை மீட்டர் போய் நின்றது. அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "இது நல்லது. இது உன்னோட தப்பு, சுத்தமா உன்னோடது. இதைத் திருத்த முடியும்" என்றார் டீச்சர்.

காலையில் அதே பாலம், அதே கம்பங்கள், சைக்கிளில். மேலே ஏறி நின்று மூச்சை இழுத்துக்கொண்டு இறங்குவார். ஒரு கம்பம் வரை விரல்கள் பிரேக்கை விட்டு நிமிர்ந்திருக்க வேண்டும். காற்று காதில் இரையும், விரல்கள் தாமாக மடங்கும். மறுபடி ஏறுவார், மறுபடி இறங்குவார். ஒரே காலையில் பதினான்கு முறை ஏறி இறங்கியதைப் பார்த்த பாலத்தடிக் கிடங்கின் காவலாளி, "ஏதாவது தொலைச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். "தொலைக்கத்தான் பார்க்கிறேன், போகமாட்டேங்குது" என்றார் டீச்சர்.

மூன்றாவது வாரக் கடைசியில் அட்டையில் கோடுகளுக்குப் பதில் எண்கள் இருந்தன. நாலு, ஆறு, ஆறு, ஐந்து, ஒன்பது. ஐந்து என்று இறங்கிய நாளன்று பென்சில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. பதினாறு ஒரு நாளும் வரவில்லை.

இரண்டாவது சோதனை ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. எதிர்காற்று அடித்தது. ஏற்றத்தில் இந்த முறை யாரையும் முந்த முடியவில்லை. உச்சியை அடைந்தபோது போன முறையைவிட ஆறு நிமிடம் தாமதம். பல் டாக்டர் கட்டை விரலை உயர்த்தவில்லை, கடிகாரத்தை மட்டும் பார்த்தார். அந்த மலையில் விளக்குக் கம்பமே கிடையாது. எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல், ஒன்பது கிலோமீட்டர் சாலை வளைந்து வளைந்து கீழே கிடந்தது.

டீச்சர் இறங்கினார். முதல் வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தார். வளைவு முடிந்தது, சாலை நேராயிற்று. விரல்கள் விடவில்லை. அங்கே தன்னைத் தவிர ஸ்டீயரிங் பிடிப்பவர் வேறு யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண்ணை மூடிக்கொள்ளும் மாணவர் இல்லை, லாரியைப் பார்த்துக் கையை விட்டுவிடும் கணக்கு வாத்தியார் இல்லை. ஓட்டுகிற ஆளை அவருக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருடம் ஒரு விபத்தும் இல்லாத ஆள். "விடு" என்றார் சத்தமாக. ஒவ்வொரு விரலாக நிமிர்ந்தது. சைக்கிள் அவரைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் போயிற்று. காற்றில் கண்ணீர் பின்னோக்கி ஓடிக் காதுக்குள் போனது. அடுத்த வளைவில் பிடித்தார், நேரில் விட்டார். பிடித்தார், விட்டார். காய்கறி மூட்டைச் சைக்கிள் இன்றும் போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டும்போது கையை முழுதாக நீட்டிச் சைகை காட்டிவிட்டுத்தான் தாண்டினார்.

மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடம். பல் டாக்டர் எழுதிக்கொண்டு, துறைமுகப் பயணத்துக்கான எண் அட்டையை நீட்டினார். டீச்சர் அதை வாங்கி, முயல் உறையின் அடியில் பத்திரமாகச் சொருகினார். பயணம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

மருந்துக்கடைப் பெண்ணுக்கு மூன்றாவது தேர்வு புதன்கிழமை. செவ்வாயன்று கடைசி வகுப்பு. கார் மேம்பாலத்தின் உச்சிக்கு வந்தது. கீழே சிக்னல் சிவப்பு.

"எத்தனை கம்பம் டீச்சர்?"

"ரோட்டைப் பாரும்மா."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள். கார் இறங்கத் தொடங்கியது. டீச்சர் செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் மேலே தூக்கி, இருக்கையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து ஒரு பெப்பர்மின்ட்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.